மக்கும் பிளாஸ்டிக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

"மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காத குப்பை நீலத் தொட்டி." இதை நம்ம ஊர்ப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே ஒப்பித்துவிடுவார்கள். சரி, 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சடித்த கேரி பேக் எந்தத் தொட்டியில் போகும்? இதைக் கேட்டால் பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அப்புறமும் "இது பிளாஸ்டிக் இல்லைங்க, மக்கிடும்" என்ற பேச்சோடு ஒரு பை நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் எங்கள் தெருவில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைச் சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார வைத்து ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நல்ல எண்ணத்தோடு சொல்லித் தரும் பாடமே கெட்ட பழக்கத்தில் கொண்டுபோய் விடும் ஆபத்து இதில் இருக்கிறது. "நுண்ணுயிரி பிளாஸ்டிக்கைத் தின்னும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிள்ளை எடுத்துக்கொள்ளும் முடிவு ஒன்றுதான்: "அப்ப கீழ போட்டா பரவால்ல." முதல் வாரமே ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டான். அதற்கு நேர்மையான பதில் சொல்ல எனக்கு நான்கு சோதனைகளும் மூன்று மாதமும் தேவைப்பட்டன.

ஒரே சொல், மூன்று அர்த்தம்

தமிழில் 'மக்கும்' என்று ஒரே சொல்லை வைத்து மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். முதலில் இதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஒன்று, உதிர்வது. மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வாளி தொட்டால் பொடிப்பொடியாக உடையும். அது மக்கவில்லை. வெயில் அதை நொறுக்கிவிட்டது, அவ்வளவுதான். பொடி எல்லாம் பிளாஸ்டிக் பொடி.

இரண்டு, எருவாவது. சரியான சூடு, ஈரம், காற்று எல்லாம் உள்ள உரக்கிடங்கில் குறிப்பிட்ட காலத்துக்குள் காணாமல் போவது.

மூன்று, உண்மையிலேயே உயிர் சிதைப்பது. நுண்ணுயிரி அந்தப் பொருளில் உள்ள கார்பனை எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொண்டு, மீதியைக் கார்பன் டை ஆக்சைடாக மூச்சு விடுவது.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான்: "உதிர்ந்துச்சுன்னா கண்ணுக்குத் தெரியாது. மக்குச்சுன்னா அங்க இருக்கவே இருக்காது." உதிர வைக்கும் ரசாயனம் சேர்த்த பாலித்தீன் பைகளையும் 'மக்கும் பை' என்றே பல நாடுகளில் விற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் கொண்டுவந்து, 2021 முதல் அந்த வகைப் பொருள்களை விற்கவே தடை போட்டுவிட்டது. உதிர்வதற்கும் மக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிய விவகாரம்.

முதல் சோதனை: வாயில்லாத உயிர் எப்படிச் சாப்பிடும்?

பாடப் படங்களில் பாக்டீரியாவுக்குக் கண், பல், சிரிப்பு எல்லாம் வரைந்து, பாட்டிலைக் கடிப்பது மாதிரி போடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முக்கியமான விஷயமே அதில் தொலைந்து போகிறது. பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது.

அளவை முதலில் சொன்னேன். ஒரு பாக்டீரியா சராசரியாக ஒரு மைக்ரான் நீளம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மைக்ரான் பை என்றால் நமக்கு மெல்லிய தாள். பாக்டீரியாவை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கினால், அதே பை அரைச் சாண் கனமுள்ள சுவர். கடுகு எப்படிச் சுவரைக் கடிக்கும்?

இதற்குப் பதில் நம் வாயிலேயே இருக்கிறது. வடிகஞ்சியை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் பிள்ளை தன் எச்சிலைக் கொஞ்சம் துப்பிக் கலக்கட்டும். இன்னொன்றில் அதே அளவு வெறும் தண்ணீர். கால் மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒரு சொட்டு பெட்டாடின் விடுங்கள், காயத்துக்குப் போடுவோமே அதுதான். தண்ணீர் கலந்த டம்ளர் கருநீலமாகும், ஏனென்றால் அதில் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. எச்சில் கலந்த டம்ளரில் அந்த நீலம் வராது, அல்லது மங்கலாக வரும். மாவுச்சத்துச் சங்கிலியை எச்சில் வெட்டிவிட்டது.

வெட்டியது எச்சிலில் உள்ள நொதி. ஆங்கிலத்தில் என்சைம் என்கிறார்களே, அது. நாம் உணவை வாய்க்குள் வைத்துக்கொண்டு எச்சில் விடுகிறோம். பாக்டீரியாவும் பூஞ்சையும் நொதியை வெளியே, உணவின் மேலேயே கசிய விடுகின்றன. அங்கேயே வெட்டுப்பட்டுச் சின்னச் சின்னத் துண்டாகித் தண்ணீரில் கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. "அப்ப அதுங்க தட்டுல துப்பிட்டுத்தான் சாப்பிடுதா?" என்றாள் ஒரு சின்னப் பெண். அவளுக்கு அருவருப்பு, ஆனால் பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் இன்னொரு டம்ளரும் வைக்கலாம். எச்சிலை ஒரு கரண்டியில் எடுத்துக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கஞ்சியில் சேர்த்தால் நீலம் அப்படியே வரும். சூட்டில் நொதி கெட்டுப் போய்விட்டது. நுண்ணுயிரி வேலை செய்வதற்குச் சூழ்நிலை சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இங்கேயே விதைத்துவிடலாம், பின்னால் ரொம்ப உதவும்.

இரண்டாம் சோதனை: பசை போட்ட கண்ணி, பின் அடித்த கண்ணி

பிளாஸ்டிக் எல்லாமே நீண்ட சங்கிலி. எதை வெட்ட முடியும், எதை முடியாது என்பது கண்ணிகள் எப்படிக் கோர்த்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைப் பட்டைப் பட்டையாக வெட்டி இரண்டு சங்கிலி செய்தோம். ஒன்றில் கண்ணிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டினோம். மற்றதில் ஸ்டேப்ளர் பின் அடித்தோம். இரண்டையும் வெந்நீர் உள்ள வாளியில் போட்டால் சீக்கிரமே பசைச் சங்கிலி பிரிந்து விடும். பின் அடித்தது முழுசாக மிதக்கும்.

பாலித்தீன் பின் அடித்த சங்கிலி. அதன் முதுகெலும்பு முழுவதும் கார்பனோடு கார்பன் இறுக்கமாகப் பிணைந்தது. தண்ணீருக்கோ பெரும்பாலான நொதிகளுக்கோ அதில் பிடி கிடைக்காது. 'மக்கும்' பைகளில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ, பிபிஏடி போன்றவை பசைச் சங்கிலி. அவற்றின் கண்ணிகளுக்கு நடுவே எஸ்டர் பிணைப்பு என்ற ஒட்டு இருக்கிறது. தண்ணீரும் நொதியும் சேர்ந்தால் அந்த ஒட்டு விடும்.

பிஎல்ஏ என்பது லாக்டிக் அமிலத்தைக் கோர்த்த சங்கிலி. தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை பாக்டீரியாவிடம் கொடுத்துப் புளிக்க வைத்து அந்த அமிலத்தை எடுக்கிறார்கள். உடனே பிள்ளைகள், "செடியிலேர்ந்து வந்தா மக்கும், பெட்ரோல்லேர்ந்து வந்தா மக்காது" என்று முடிவு கட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. பிபிஏடி பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருவது, அது மக்கும். பிரேசிலில் கரும்பு எத்தனாலிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். அது கரும்பிலிருந்தே வந்தாலும் சாதாரண பாலித்தீன்தான், மக்காது. எங்கே பிறந்தது என்பதில் ஒன்றும் இல்லை, எப்படிக் கோர்த்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அட்டைச் சங்கிலி கையில் இருந்ததால் இதை விளக்க இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் சோதனை: மண் மூச்சு விடுவதைப் பார்ப்பது

ஒரு பொருள் காணாமல் போனால் அதை நுண்ணுயிரிதான் தின்றது என்று எப்படித் தெரியும்? எறும்பு இழுத்துப் போயிருக்கலாம், மழை அடித்துப் போயிருக்கலாம், பொடியாகி மண்ணோடு கலந்திருக்கலாம். சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி மூச்சு.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி தெளிய விட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், கண்ணில் பட்டால் எரிக்கும். மூடி இறுகும் பெரிய பாட்டில் மூன்று. முதலாவது காலி. இரண்டாவதில் ஈர மண். மூன்றாவதில் அதே ஈர மண்ணில் இரண்டு ஸ்பூன் அரிசி மாவு கலந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சுண்ணாம்புத் தெளிவு வைத்து மூடிவிட்டோம்.

மூன்றாவது பாட்டிலில்தான் முதலில் கிண்ணத்தின் மேல் வெள்ளை ஆடை படிந்தது. அடுத்து, மெதுவாக, வெறும் ஈர மண் இருந்த பாட்டிலில். காலிப் பாட்டிலில் இருந்தது கிட்டத்தட்ட தெளிவாகவே இருந்தது. மண்ணில் உள்ள உயிர்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படிகிறது. வளமான மண் ஒரு கிராமில் பத்துக் கோடி முதல் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு மாவு போட்டால் மூச்சு வாங்குகிறது.

இரண்டாவது பாட்டில் ஏன் என்று பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள். மண் சும்மா இருந்தாலும் மூச்சு விடும். அதைக் கழித்தால்தான் மாவினால் வந்த மூச்சு எவ்வளவு என்று தெரியும்.

ஆய்வகத்தில் 'மக்கும் பிளாஸ்டிக்' என்று சான்றிதழ் கொடுப்பதும் இதே கணக்குத்தான், கருவிகள் மட்டும் பெரிது. எருவோடு பிளாஸ்டிக்கைக் கலந்து சுமார் 58 டிகிரி செல்சியஸில் வைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். வெறும் எருவின் மூச்சைக் கழிக்கிறார்கள். ஐரோப்பியத் தர விதிப்படி ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் கார்பன் மூச்சாக வெளியேறியிருக்க வேண்டும். இது போக ஒரு சல்லடைச் சோதனை: 12 வாரம் எருவில் கிடந்த பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. அந்த எருவில் செடி ஒழுங்காக முளைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சல்லடை என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது, வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்தவர்கள் ஆயிற்றே.

சூரிச்சில் உள்ள ஆய்வாளர்கள் 2018-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிபிஏடி செய்யும்போதே அதன் கார்பனில் அடையாளம் போட்டார்கள். கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன். கள்ளனைப் பிடிக்க நோட்டில் குறி வைத்து அனுப்புவதுபோல. ஆறு வாரம் மண்ணில் வைத்துப் பார்த்தபோது, குறி வைத்த கார்பன் வெளிவந்த மூச்சிலும் இருந்தது, பூஞ்சை இழைகளின் உடம்பிலும் இருந்தது. தின்றதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறென்ன வேண்டும்!

நம் பாட்டிலில் பையைப் போட்டு அதன் மூச்சைப் பார்க்க முடியாது. அவ்வளவு மெதுவாக நடக்கும் வேலை அது. மாவைப் போட்டுக் காட்டிவிட்டு, "இதே மாதிரிதான், ஆனா ரொம்ப மெதுவா" என்று சொல்லிவிடுவதே நல்லது.

நான்காம் சோதனை: 58 டிகிரி எங்கே கிடைக்கும்?

மேலே ஒரு எண் சத்தமில்லாமல் வந்து போனது, கவனித்தீர்களா? 58 டிகிரி. முழுக்கதையின் முடிச்சும் அதில்தான் இருக்கிறது.

ஒரு கமர்கட்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். கல் மாதிரி இருக்கும். அதையே வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். பிஎல்ஏ-வும் அப்படித்தான். சுமார் 55 முதல் 60 டிகிரி வரையில் அதன் சங்கிலிகள் விறைப்பு விட்டு இளகுகின்றன. அப்போதுதான் தண்ணீர் உள்ளே புகுந்து ஒட்டுகளை அவிழ்க்க முடிகிறது, சங்கிலி துண்டாகிறது, நுண்ணுயிரிக்கு உணவாகிறது. அதற்குக் கீழே உள்ள சூட்டில் அது கடித்தும் கரையாத கமர்கட்டு.

"கத்திரி வெயில்ல மண்ணுல போட்டா?" நல்ல கேள்வி. அக்னி நட்சத்திரத்தில் மேல்மண் 50 டிகிரியைத் தாண்டலாம். ஆனால் அந்த மண் காய்ந்த மண். தண்ணீர் இல்லாமல் ஒட்டும் அவிழாது, நுண்ணுயிரியும் வேலை செய்யாது. சூடு இருக்கும் இடத்தில் ஈரம் இல்லை, ஈரம் இருக்கும் இடத்தில் அந்தச் சூடு இல்லை.

அப்புறம் 58 டிகிரியும் ஈரமும் சேர்ந்து எங்கே கிடைக்கும்? விவசாய வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கொதிக்கும், கையை விட்டால் சுடும். யாரும் நெருப்பு வைக்கவில்லை. தின்று பெருகும் நுண்ணுயிரிகளின் உடல் சூடு அது. பெரிய குவியல் என்றால் சூடு வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கும். மார்க்கெட் கழிவுகளை டன் கணக்கில் குவித்து, கிளறி, ஈரம் காத்து நடத்தும் உரக்கிடங்கில் இந்தச் சூடு வரும். நம் வீட்டு மாடியில் பூந்தொட்டியில் வராது. இரண்டு லிட்டர் பால் சீக்கிரம் ஆறாது, ஒரு டம்ளர் பால் உடனே ஆறிவிடும், அதே கணக்கு.

தொட்டியில் புதைத்தவை

இதையெல்லாம் பேசிக்கொண்டே ஒரு பக்கம் தொட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. பூண்டு வரும் நைலான் வலைப் பையை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்துக் கட்டிப் புதைத்தோம். வலை இருந்தால் தோண்டும்போது தேட வேண்டாம். வாழையிலை, செய்தித்தாள், பழைய பருத்தி வேட்டித் துண்டு, மக்கும் என்று போட்ட பை, சாதாரண பாலித்தீன். இதே ஐந்தும் மூன்று தொட்டிகளில்: காய்ந்த மண், ஈர மண், ஈர மண்ணோடு சாணம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்த்து நோட்டில் வரைந்தார்கள்.

சாணம் போட்ட தொட்டியில் வாழையிலை ஒரு மாதத்தில் நரம்பு மட்டும் மிஞ்சியது. வேட்டித் துண்டு இரண்டு மாதத்தில் ஓட்டை ஓட்டையாகி, எடுக்கும்போதே இற்றுப் போனது. காய்ந்த மண்ணில் எல்லாமே வைத்தபடி இருந்தன, வாழையிலை மட்டும் சருகானது. மக்கும் பை? மூன்று மாதம் கழித்தும் ஈரத் தொட்டியில் பையாகவே இருந்தது. சாணத் தொட்டியில் நிறம் மங்கி, இழுத்தால் சுலபமாகக் கிழிந்தது. பாலித்தீனைக் கழுவினால் மறுபடி கடைக்கு எடுத்துப் போகலாம்.

எங்கள் தொட்டியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இதையே முறையாகச் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் மூன்று வருடம் போட்டு வைத்தார்கள். 'உயிர் சிதைக்கும்' என்று பெயர் போட்ட பை மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் மளிகைச் சாமான் தூக்கும் அளவுக்கு இருந்தது. 'எருவாகும்' பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. ஆனால் அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, எடை தூக்கும் பலம் மட்டும் இல்லை. ஒரே பை, இரண்டு இடம், இரண்டு முடிவு. 'மக்கும்' என்பது பையின் குணம் மட்டும் இல்லை, பையும் அது போய்ச் சேரும் இடமும் சேர்ந்த குணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

செய்தியில் வந்த பாக்டீரியா

பன்னிரண்டு வயதுக்காரர்கள் யூடியூபில் பார்த்துவிட்டு வருவார்கள்: "பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா கண்டுபிடிச்சாச்சே அக்கா!" உண்மைதான். ஜப்பானில் ஒசாகா மாகாணத்தின் சகாய் நகரில், பெட் பாட்டில் மறுசுழற்சி செய்யும் இடத்து மண்ணிலிருந்து எடுத்தது. 2016-இல் உலகுக்குத் தெரிந்தது. பெயர் இடியோனெல்லா சகாயென்சிஸ், ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். 30 டிகிரியில் பெட் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தை ஆறு வாரத்தில் கிட்டத்தட்ட முழுக்கச் சிதைத்தது. ஆனால் சோதனைக்குக் கொடுத்தது சங்கிலிகள் தளர்வாகக் கிடக்கும் படலம். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலில் சங்கிலிகள் அடுக்கி இறுகியிருக்கும், நொதிக்கு இடுக்கே கிடைக்காது. அந்தக் கண்டுபிடிப்பு பெரிய விஷயம், தொழிற்சாலைக்குள் பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வழிக்கு அது கதவு திறந்தது. ஆனால் ஆற்றில் மிதக்கும் பாட்டிலை யாரும் வந்து தின்னப் போவதில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. 1926-இல் பாரிஸில் மோரிஸ் லெமுவான் என்ற ஆராய்ச்சியாளர், ஒரு பாக்டீரியா தன் உடம்புக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக்கைச் செய்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். பிஎச்பி என்று இப்போது சொல்கிறோம். நம் வீட்டில் குதிரில் நெல் சேர்ப்பது மாதிரி, பாக்டீரியா பஞ்ச காலத்துக்குச் சேர்த்து வைக்கும் உணவு அது. உயிர் சேர்த்த சொத்து என்பதால் அதைத் திருடித் தின்னும் நொதியும் மண்ணில் பலரிடம் இருக்கிறது. அதனால் அது சாதாரண மண்ணிலும் கடலிலும்கூட மக்கும். செய்வதற்குச் செலவு அதிகம் என்பதால்தான் நம் மளிகைக் கடைவரை அது வரவில்லை.

பாலித்தீன் பிறந்தது 1933-இல். நூறு வருடம்கூட ஆகவில்லை. நெல்லுக்கும் மரத்துக்கும் நொதி கண்டுபிடிக்க நுண்ணுயிரிகளுக்குக் கோடிக்கணக்கான வருடம் கிடைத்தது. இதே காரணத்தால் "பிளாஸ்டிக் மக்க 500 வருடம் ஆகும்" என்று சுவரொட்டியில் போடுவதையும் பிள்ளைகளோடு பேசலாம். 500 வருடம் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. அது ஒரு மதிப்பீடு. இப்படிச் சொல்வதால் பிளாஸ்டிக்கின் ஆபத்து குறைந்துவிடாது. ஒரு எண்ணைப் பார்த்தால் 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்கும் பழக்கம் வரும்.

"அப்ப கீழ போடலாமா?"

இந்தக் கேள்விக்கு இப்போது பிள்ளைகளே பதில் சொன்னார்கள். நான் செய்ததெல்லாம் இடங்களின் பெயரைச் சொன்னது மட்டுமே.

ரோட்டோரம்: காய்ந்த மண் தொட்டி மாதிரி. மக்காது.

மாட்டு வயிறு: 39 டிகிரி, காற்றுக் கிடையாது. மாட்டு வயிறு உரக்கிடங்கு அல்ல. பைக்குள் சோற்றைக் கட்டி வீசினால், அது எந்தப் பையாக இருந்தாலும் மாட்டுக்கு ஆபத்துத்தான்.

பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரியான குப்பைமேடு: ஆழத்தில் காற்றுப் போகாது. அங்கே மக்கக்கூடிய பொருள் மக்கினால் மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். மக்காமல் கிடப்பதும் தொல்லை, இங்கே மக்குவதும் தொல்லை.

சூடேறும் பெரிய உரக்கிடங்கு: இங்கேதான் மக்கும், அதுவும் சான்று பெற்ற பையாக இருந்தால். இந்தியாவில் அப்படிப்பட்ட பைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். ஐஎஸ்ஓ 17088 என்பது அதற்கான தரம். பையில் அந்த விவரம் எதுவும் இல்லாமல் பச்சை இலை படம் மட்டும் இருந்தால், அது வெறும் படம்.

அப்படியானால் எந்தத் தொட்டி? முறைப்படி, சான்று பெற்ற பை மக்கும் குப்பையோடு உரக்கிடங்குக்குப் போக வேண்டும். நடைமுறையில், குப்பை பிரிக்கும் தொழிலாளிக்குக் கைக்கு வரும் நூறு பைகளில் எது எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பை என்றால் எடுத்து ஒதுக்கத்தான் தோன்றும். சாதாரண பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மறுசுழற்சிக்குப் போனால் அங்கும் இது கலப்படம். ஆகவே உங்கள் ஊர் உரக்கிடங்கில் இதை எடுத்துக்கொள்கிறார்களா என்று குப்பை வாங்க வரும் அக்காவிடமே கேட்பதுதான் வழி. எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். "எந்தக் கவரா இருந்தாலும் தனியா கொடுங்க கண்ணு, கலக்காதீங்க" என்று பதில் வந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். எட்டு வயதுக்குக் கீழே என்றால் எச்சில் சோதனையும் வாழையிலைத் தொட்டியும் போதும். பத்து வயதுக்கு மேல் சுண்ணாம்புத் தெளிவும் கழித்தல் கணக்கும் சேர்க்கலாம். தோண்டிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்ததை மோந்து பார்க்க விடாதீர்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவர்கள் ஊகத்தை நோட்டில் எழுதி வைக்கட்டும். எங்கள் குழுவில் ஒருவர்கூட மக்கும் பை மூன்று மாதம் தாங்கும் என்று எழுதவில்லை.

தொட்டிகளை நாங்கள் இன்னும் கலைக்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்த பிறகு மறுபடி தோண்டலாம் என்பது பிள்ளைகளின் முடிவு. இடையில் அவர்களாகவே ஒரு ஆறாவது பொருளையும் புதைத்திருக்கிறார்கள்: ஒரு கிழிந்த மஞ்சப்பை. அதன் காதை மட்டும் பாலியஸ்டர் நூலால் தைத்திருக்கிறது என்றும், துணி போனாலும் அந்த நூல் நிற்கும் என்றும் ஒருத்தி நோட்டில் ஊகம் எழுதியிருக்கிறாள்.